வலிய எஞ்சினும் பழைய பிறேக்கும்

அமெரிக்காவின் பொன்டியாக் நிறுவனம் தனது 1964ஆம் ஆண்டு வண்டிகளுள் ஒன்றுக்கு ஜீ.ரீ.ஓ. என்று பெயரிட்டது. நடுத்தர அளவான குடும்ப வண்டியொன்றின் உடலுக்குள், பெரிய வண்டிகளுக்கென ஆக்கிய 389 கன அங்குல எஞ்சினை ஏற்றி அமைத்த வண்டி அது. சாதாரண அமைப்பிலேயே அதன் ஆற்றல் 325 பரிவலு. மூன்று காபரேற்றர்கள் பூட்டிய அமைப்பில் 348 பரிவலு. இளைஞர்கள் அதை விரும்பி வாங்கினர். செவர்லே, போர்ட், டொட்ஜ், பிளிமத் முதலிய பெயர்களில் வண்டி விற்றோரும் அதே வழியிற் சென்றனர். இவ்வாறு தோன்றிய வண்டிகளுக்கு 'மசில் கார்' என்ற பெயர் நிலைத்தது. தசைவலி மிக்க வண்டி என்பது அதன் பொருள்.

இவ்வளவு வலுவையும் அடக்கி நிறுத்துதற்கு அந்த வண்டிக்கு வைத்திருந்தது என்ன என்று பார்த்தால் வியப்பே உண்டாகும். நான்கு சில்லுகளிலும் 9½ அங்குல விட்டமுள்ள டிறம் பிறேக்குகள், அவ்வளவுதான். சிறிய எஞ்சினுடன் மெல்ல ஓடும் ரெம்பெஸ்ட் என்னும் சாதாரண வண்டிக்கு எதுவோ அதுவே இதற்கும். விளம்பரத்தில் எஞ்சினின் பரிவலு விலைபோயிற்று. பிறேக்கின் விட்டத்தைக் கேட்டு வண்டி வாங்கியவர் சிலரே.

அவ்வண்டிகள் இன்று அரைநூற்றாண்டைக் கடந்துவிட்டன. அவற்றைத் தேடி வாங்கி, செப்பனிட்டு, ஓய்வு நாட்களில் நெடுஞ்சாலைக்குக் கொண்டுவருவோர் அமெரிக்காவிலே பலர். அவர்களுக்கு முன்னே செல்வது அக்காலத்து வண்டியன்று; மிகக் குறுகிய தூரத்தில் நிற்கவல்ல இக்காலத்து வண்டி. முன்வண்டி சட்டென நிற்க, பின்னால் வரும் பழைய வண்டி நில்லாது போனால் விளைவது என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே பழைய மசில் காரை வைத்திருப்போர் முதலில் திருத்த விரும்புவது பிறேக்கையே. அத்திருத்தத்தைச் செய்யும் முறையில் தவறுவோர் பலராதலின், அதன் அடிப்படையை விளங்கிக்கொள்ளுதல் நன்று.

ஓடும் வண்டியிடம் இயக்க ஆற்றல் உண்டு. அவ்வாற்றல் எங்கும் மறைந்து போவதில்லை. உராய்வினால் அதனை வெப்பமாக மாற்றி, அவ்வெப்பத்தைக் காற்றிலே விட்டுவிடுவதே பிறேக்கின் தொழில். 3,500 இறாத்தல் எடையுள்ள வண்டியொன்று மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்கும்போது பிறக்கும் வெப்பம் ஏறத்தாழ 1.7 லீற்றர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். வேகம் இரு மடங்காகி 120 மைலாயின் வெப்பம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். ஏழு லீற்றருக்குச் சற்றுக் குறைந்த தண்ணீர் சில விநாடிகளில் கொதிப்பதற்குச் சமம் அது. வலிய எஞ்சின் பழைய பிறேக்குக்குப் பகையாவது இதனாலேயே. எஞ்சின் எளிதில் ஏற்றிவிடும் வேகத்துக்குரிய வெப்பத்தைச் சிறிய டிறத்தினால் தாங்க முடிவதில்லை.

டிறம் என்பது சில்லுடன் கூடச் சுழலும் வார்ப்பிரும்புக் கிண்ணம். அதனுள்ளே பிறை வடிவான இரண்டு 'சூ'க்கள் உள்ளன. அவற்றின் மேல் லைனிங் என்னும் உராய்வுப் பட்டி ஒட்டியிருக்கும். மிதியை அழுத்தியதும் எண்ணெயின் அழுத்தத்தால் சூக்கள் விரிந்து கிண்ணத்தின் உட்சுவரை உரசும். அமெரிக்க வண்டிகளிலே பெருவழக்காயிருந்த அமைப்பில் இன்னொரு நுட்பமும் உண்டு. சுழலும் டிறம் முதற் சூவைத் தன்னோடு இழுத்து, அச்சூ மற்றைச் சூவைத் தள்ளி, இரண்டும் தாமாகவே மேலும் இறுகும். காலின் விசையைப் பிறேக் தானே பெருக்கிக் கொள்கிறது எனலாம். மலிவானது, காலுக்கு இலகுவானது, கைப்பிறேக்கை இணைக்கவும் வசதியானது. டிறம் பிறேக்கை ஆக்கியோர் அறியாமையால் அதை ஆக்கினர் என்று எண்ணுவது நீதியன்று.

ஆயினும் வெப்பம் மிகும்போது இந்தத் திறமையே தீங்காகிறது. சூடேறிய டிறம் விரிந்து சூவை விட்டு விலகுகிறது. மிதி மேலும் கீழே இறங்க வேண்டியிருக்கிறது. லைனிங்கின் உராய்வும் சூட்டினாற் குறைகிறது. தன்னைத் தானே இறுக்கும் அமைப்பாதலால், உராய்வு சிறிது குறைந்தாலும் நிறுத்தும் விசை பெரிதும் குறைந்துவிடும். மூடிய கிண்ணத்துள் அடைபட்ட வெப்பம் விரைவில் வெளியேறுவதுமில்லை. மலைப்பாதையில் இறங்கும் ஒருவர் மூன்றாம் முறையோ நான்காம் முறையோ மிதியை அழுத்தும்போது வண்டி கேளாதிருப்பது இந்தத் தளர்ச்சியினால்தான். மழையில் நீர் புகுந்தாலும் இதே கதை. ஒரு பக்கத்து டிறம் முன்னதாக உலர்ந்து பற்றிக்கொள்ள, வண்டி அப்பக்கம் இழுபடும்.

டிஸ்க் பிறேக்கின் தத்துவத்தை அறியச் சைக்கிளைப் பார்த்தாற் போதும். சைக்கிள் வளையத்தை இருபுறமும் றப்பர்க் கட்டைகள் கவ்விப் பிடிக்கின்றனவன்றோ? அவ்வாறே சில்லுடன் சுழலும் இரும்புத் தட்டை, கலிப்பர் என்னும் கவ்வியில் உள்ள இரண்டு பாட்கள் இருபுறமும் நெருக்குகின்றன. தட்டு திறந்த வெளியிற் சுழல்வதால் காற்று அதனைக் குளிர்விக்கும். சூட்டினால் தட்டுத் தடித்தாலும் அது பாட்டை நோக்கியே தடிக்கும், விலகிச் செல்லாது. மேலே விழும் நீரும் சுழற்சியினால் வீசியெறியப்படும்.

இக்கருத்துப் புதியதன்று. இங்கிலாந்தின் பிரடரிக் லான்செஸ்டர் 1902ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார். உலகம் இதனைத் திரும்பிப் பார்த்தது 1953இல். பிரான்சின் லீ மான்ஸ் நகரில் நடக்கும் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை அவ்வாண்டு வென்ற ஜாகுவார் வண்டியில் டன்லொப் நிறுவனத்தின் டிஸ்க் பிறேக்குகள் பூட்டப்பட்டிருந்தன. அப்பந்தயத்தில் வென்ற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல் முறை. 1955இல் பிரான்சின் சித்ரோவென் நிறுவனம் தனது டீ.எஸ். வண்டியின் முன்சில்லுகளுக்கு இதனை வைத்தது. அமெரிக்கா மெதுவாகவே வந்தது. கோர்வெற் என்னும் விளையாட்டு வண்டி 1965ஆம் ஆண்டு அமைப்பில் நான்கு சில்லுகளுக்கும் டிஸ்க் பெற்றது. மஸ்டாங் வாங்குவோர் மேலதிகப் பணம் கொடுத்து முன்சில்லுகளுக்கு அதனைப் பெறலாயினர். ஜீ.ரீ.ஓ. வண்டிக்கு அவ்வசதி 1967இற்றான் கிடைத்தது, அப்பொழுதும் கேட்டவர்க்கே.

இத்தனையும் அறிந்த ஒருவர் உடனே டிஸ்க் வாங்க ஓடக்கூடும். ஆனால் முதலில் மாற்ற வேண்டியது வேறொன்று. 1966ஆம் ஆண்டு வரை வந்த மசில் கார்களிற் பெரும்பாலானவற்றில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறையுடையது. மிதியின் விசையை எண்ணெய் அழுத்தமாக மாற்றி நான்கு சில்லுகளுக்கும் அனுப்புவது அந்த ஒரே சிலிண்டர். துருப்பிடித்த குழாய் ஒன்று வெடித்தாலும், வீல் சிலிண்டர் ஒன்றின் றப்பர் கிழிந்தாலும் எண்ணெய் முழுவதும் அவ்வழியே போய்விடும். மிதி தரையைத் தொடும். நான்கு பிறேக்குகளும் ஒருங்கே இல்லாமற் போகும். எஞ்சியிருப்பது கைப்பிறேக் மட்டுமே. இரட்டை அறைச் சிலிண்டரில் முன்சில்லுகளுக்கு ஓர் அறை, பின்சில்லுகளுக்கு ஓர் அறை. ஒன்று பழுதானாலும் மற்றது வண்டியை எப்படியோ நிறுத்தும். அமெரிக்காவில் வண்டிகளின் பாதுகாப்புப் பற்றிய சட்டம் 1966இல் நிறைவேறியது. 1967ஆம் ஆண்டு வண்டிகளிலே இரட்டைச் சிலிண்டர் பொதுவழக்காயிற்று. ஒரு பகுதி பழுதுற்றாலும் எஞ்சிய பகுதி வேலைசெய்ய வேண்டும் என்ற விதி 1968 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. டிறத்தை மாற்ற மனமில்லாதவரும் இந்த ஒன்றையேனும் மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். செலவு குறைவு, காக்கும் உயிரோ விலைமதிப்பற்றது.

இனி டிஸ்க்கைப் பூட்டுவது. முன்சில்லுகள் இரண்டுக்கு மட்டும் பூட்டினாலே பெரும்பயன் கிடைக்கும். வண்டி நிற்கும்போது அதன் எடை முன்னே சாய்வதே காரணம். அசையாது நிற்கையில் முன்சில்லுகள் மேல் 55 வீதம் எடை இருக்குமாயின், கடுமையாகப் பிறேக் போடுகையில் அது 70 வீதமளவுக்கு உயரும். நிறுத்தும் வேலையிற் பெரும்பகுதி முன்னேதான் நடக்கிறது. ஜெனரல் மோட்டர்ஸ் வண்டிகளில் ஒரு வசதியும் உண்டு. 1964 முதல் 1972 வரை வந்த நடுத்தர வண்டிகளின் முன்பகுதி அமைப்பு ஒத்திருப்பதால், பிந்திய வண்டியின் டிஸ்க்குக்குரிய ஸ்பிண்டில் என்னும் அச்சுமுனை முந்திய வண்டியிலும் பொருந்தும். முதலில் வந்த கலிப்பர்கள் நான்கு பிஸ்டன்கள் உடையவை. 1969 முதல் ஒரே பிஸ்டனுடன் நகரும் கலிப்பர் வந்தது. அதற்கு உதிரிப்பாகம் கிடைப்பதும் எளிது, பழுதும் குறைவு. பெரிய டிஸ்க்கை விரும்புவோர் முதலில் தம் சில்லை அளந்து பார்க்க வேண்டும். டிறத்துக்கென ஆக்கிய 14 அங்குலச் சில்லுகளிற் சில கலிப்பரில் இடிக்கும்.

டிறத்துக்குரிய மாஸ்டர் சிலிண்டரை அப்படியே விட்டு, முன்னே டிஸ்க்கை மட்டும் பூட்டுவோர் பலர். இது பெருந்தவறு. டிறம் அமைப்பில் மிதியை விட்ட பின்னரும் குழாயினுள் சதுர அங்குலத்துக்குப் பத்து இறாத்தல் அளவான அழுத்தத்தை நிறுத்தி வைக்கும் ஒரு சிறு வால்வு இருக்கும். வீல் சிலிண்டரின் றப்பர் விளிம்பு சுருங்கிக் காற்று புகாதிருக்கவே அந்த ஏற்பாடு. டிறத்தில் வலிய சுருள்வில்கள் சூவை மீட்டெடுப்பதால் அதனால் தீங்கில்லை. டிஸ்க்கில் அவ்வாறான வில் கிடையாது. எஞ்சிய அழுத்தம் பாட்டைத் தட்டோடு ஓயாமல் உரசவைக்கும். சில மைல் தூரத்திலேயே தட்டுச் சிவக்கச் சூடேறி எண்ணெய் கொதித்துவிடும். அன்றியும் பாட் தேயுந்தோறும் கலிப்பரின் பெரிய பிஸ்டன் முன்னேறி எண்ணெயைத் தன்பின் இழுத்துக்கொள்ளும். அதற்கு ஈடு கொடுக்கப் பெரிய எண்ணெய் அறை வேண்டும். ஆகவே டிஸ்க் முன்னும் டிறம் பின்னுமான அமைப்புக்கென்றே செய்த சிலிண்டரையே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

அச்சிலிண்டரின் விட்டமும் சிந்தித்துத் தெரிய வேண்டியது. காலினால் 100 இறாத்தல் விசை கொடுக்க, மிதி அதனை ஆறு மடங்காக்கினால் பிஸ்டனுக்குக் கிடைப்பது 600 இறாத்தல். விட்டம் ஓர் அங்குலமாயின் எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 760 இறாத்தல். விட்டத்தை எட்டிலொரு பங்கு அங்குலம் கூட்டினால் அதே காலுக்கு அழுத்தம் 600 இறாத்தலாகக் குறைந்துவிடும். பெரியது சிறந்தது என்ற எண்ணம் இங்கே பொய்த்துப் போகிறது. பெரிய சிலிண்டரில் மிதி சிறிது தூரமே இறங்கும், ஆனால் கல்லைப் போல் இருக்கும்.

டிஸ்க் தன்னைத் தானே இறுக்குவதில்லை என்பது முன்னர்க் கூறியதிலிருந்தே விளங்கும். அதனால் காலுக்குத் துணையாகப் பூஸ்டர் ஒன்றைப் பூட்டுவது வழக்கம். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தைக் கொண்டு அது இயங்குகிறது. மசில் காருக்கே உரிய ஒரு சிக்கல் இவ்விடத்தில் எழுகிறது. ஆற்றலைப் பெருக்க வேண்டி, வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் காம் தண்டைப் பூட்டிய எஞ்சின், மெல்ல ஓடும்போது போதிய வெற்றிடத்தைத் தருவதில்லை. பூஸ்டர் நன்கு இயங்க 18 அங்குல இரசமளவு வெற்றிடம் வேண்டுமென்க. எஞ்சின் தருவது 10 அங்குலமாயின் கிடைக்கும் துணை பாதியைச் சற்றே மிஞ்சும். ஒருமுறை மிதித்தாற் சரி. நெரிசலில் மீண்டும் மீண்டும் மிதித்தால் மிதி இறுகிப்போகும். வண்டி வேகமாக ஓடும்போது நன்றாயிருந்த பிறேக், வாகனத் தரிப்பிடத்தில் கைவிடுகிறதே என்று உரிமையாளர் திகைப்பார். வாங்குவதற்கு முன் அளவுமானி ஒன்றினால் வெற்றிடத்தை அளந்து பார்ப்பது மிக எளிய காரியம். போதாதெனின் மின்சாரத்தால் இயங்கும் வெற்றிடப் பம்பு ஒன்றை வைக்கலாம்; அல்லது ஸ்டியரிங் பம்பின் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பூஸ்டரை நாடலாம். பூஸ்டரே இல்லாமல் சிறிய சிலிண்டரும் நீண்ட நெம்புமாக அமைத்து, காலை நம்பி ஓட்டுவோரும் உளர். அவ்வழி குறைவானதன்று.

பூஸ்டரைச் சேர்க்கும்போது மிதியின் நெம்புவிகிதம் ஏறத்தாழ நான்கு மடங்காக இருத்தல் போதும். பல ஜெனரல் மோட்டர்ஸ் மிதிகளில் இரண்டு துளைகள் காணப்படும். மேல்துளை பூஸ்டர் இல்லாத அமைப்புக்கு, கீழ்த்துளை பூஸ்டருக்கு. அன்றியும் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும் தண்டு ஒரு மயிரளவேனும் தளர்ந்திருக்க வேண்டும். தண்டு சற்று நீண்டுவிட்டால் பிஸ்டன் முழுதும் திரும்பாது. எண்ணெய் அறைக்குச் செல்லும் நுண்துளை அடைபடும். சூட்டினால் விரிந்த எண்ணெய் போக வழியின்றிப் பிறேக்குகளைத் தானே இறுக்கிவிடும். காரணம் புரியாமல் புதுக் கலிப்பர்களைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள சமநிலையே இவையனைத்திலும் முக்கியமானது. முன்சில்லு பூட்டிக்கொண்டு சறுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே செல்லும். பின்சில்லு முதலிற் பூட்டிக்கொண்டால் வண்டியின் வால்பகுதி சுழன்று முன்னே வரும். இரண்டாவதே உயிருக்கு உலை. தன்னைத் தானே இறுக்கும் டிறம் பின்னேயும், அதிக அழுத்தம் கேட்கும் டிஸ்க் முன்னேயும் இருக்கும்போது, ஒரே அழுத்தத்தை இரண்டுக்கும் கொடுத்தால் இந்த இரண்டாவது ஆபத்து மிக எளிதில் நேரும். ஆதலால் பின்னே செல்லும் அழுத்தத்தை ஓர் எல்லைக்குமேல் குறைக்கும் வால்வு ஒன்று அவசியம். சூவின் சுருள்வில்லை எண்ணெய் வெல்லும்வரை முன் டிஸ்க்கைச் சற்றுத் தாமதிக்கச் செய்யும் வால்வு இன்னொன்று. இரண்டையும் ஒரே பித்தளைக் கட்டையில் இணைத்துத் தொழிற்சாலைகள் செய்தன. கையாற் திருகித் திருத்தக்கூடிய வால்வும் கிடைக்கிறது. பின்னே அகலமான ரயர் பூட்டியவருக்கு அது பெரிதும் உதவும்.

ரயரைப் பற்றியும் ஒரு சொல். பிறேக் சில்லையே நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது பாதையைப் பற்றும் ரயர்தான். அக்காலத்து முறைப்படி ஆக்கிய, நூல்கள் குறுக்காக ஓடும் ஒடுங்கிய ரயரை அழகுக்காக வைத்துக்கொண்டு நான்கு சில்லுக்கும் டிஸ்க் பூட்டியவர் பெற்ற பயன் சிறிது.

எண்ணெயிலும் கவனம் தேவை. டொட் 3 என்னும் வகை புதிதாயிருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்க வேண்டும் என்பது விதி. டொட் 4 வகைக்கு 230 பாகை. இவை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டொட் 3 எண்ணெய் 140 பாகையளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழிகள் தோன்றினால் மிதி பஞ்சு போலாகும். ஆகையால் சில ஆண்டுகளுக்கொரு முறை எண்ணெயை மாற்றுதல் வேண்டும். டொட் 5 என்னும் சிலிக்கன் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது, வர்ணப் பூச்சையும் கெடுக்காது. நெடுநாள் நிறுத்தி வைக்கும் வண்டிக்கு ஏற்றது. ஆனால் ஏனையவற்றுடன் அதைக் கலத்தலாகாது. பழைய றப்பர்க் குழாய்கள் வெளியே நன்றாய்த் தோன்றினும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். அவற்றை ஐயமின்றி எறிந்துவிடலாம்.

வேலை தொடங்குமுன் பழைய டிறத்திலுள்ள தூசியை ஊதித் தள்ளுதல் கூடாது. அக்காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அத்தூசி சுவாசப்பைக்கு நஞ்சு. ஈரத்துணியாற் துடைத்தெடுத்தல் வேண்டும். கலிப்பர்களைப் பூட்டும்போது காற்றுப்போக்கும் திருகு மேற்புறம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலது இடதாக மாறிவிட்டால் திருகு கீழே வந்து, எவ்வளவு எண்ணெய் ஊற்றினும் உள்ளே நிற்கும் காற்று வெளியேறாது. மாஸ்டர் சிலிண்டரின் காற்றை வண்டியிற் பூட்டுமுன் மேசைமேல் வைத்தே போக்கிவிட்டு, பின்னர் தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கி அண்மைச் சில்லுக்கு வருவது வழக்கம்.

கழற்றிய டிறம், அச்சுமுனை, சிலிண்டர் அனைத்தையும் எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுதல் விவேகம். தொழிற்சாலையில் வந்தபடியே உள்ள வண்டியைத்தான் சேகரிப்போர் அதிக விலைக்குக் கேட்கின்றனர். பூட்டியதைக் கழற்றிப் பழையதை மீண்டும் வைக்கக்கூடியதாக, சட்டத்தில் எதையும் வெட்டாமலும் ஒட்டாமலும் செய்வது இயலும்.

புதிய பாட்டும் புதிய தட்டும் ஒன்றுக்கொன்று பழகவேண்டும். ஆளில்லாத நேரான பாதையிலே, முதலில் நடக்கும் வேகத்தில் மிதித்துப் பார்த்து, மிதி உறுதியாக நிற்பதைக் கண்ட பின்னர், மணிக்கு 30 மைலிலிருந்து மெல்ல மெல்லப் பலமுறை வேகத்தைத் தணித்து, இடையிடையே ஆறவிட வேண்டும். அதன் பின்னரே கடுமையாக மிதித்துப் பார்த்தல். அருகே நிற்கும் ஒருவர் எந்தச் சில்லு முதலிற் பூட்டுகிறது என்று கவனிக்கட்டும். பின்சில்லாயின் திருத்தும் வால்வைச் சற்றுத் திருகி மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். முன்சில்லே முதலிற் பூட்டும்வரை வண்டியை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோதலாகாது.